சேத்தக் வாலும் சீட்டா காலும்

ஹெலிகாப்டரின் போர்டில் 'சேத்தக்' என்ற பெயரை அழிக்க வேண்டும் என்று முன்னாள் படைவீரர் ராஜையன் சொன்னதும், பெயிண்டர் ஷாஜன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு ஜாஸ்பரைப் பார்த்தான். ஜாஸ்பர் பூங்காவின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஜாஸ்பர், கீரிப்பாறை போகிற வழியிலுள்ள பேரூராட்சியில் இளநிலை உதவியாளர். வீடு தக்கலையில். ஆறு வருடமாகக் காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். அந்த வாரம் கீரிப்பாறை எஸ்டேட்டில் சினிமாப் படப்பிடிப்பு வேறு. ரோட்டை மறித்துவிட்டதால் பஸ்சும் லேட். மகள் அஞ்சு விழித்திருக்கும்போது அவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

தக்கலைக்கே மாறுதல் உத்தரவு வந்து இருபது நாளாயிற்று. செயல் அலுவலர் நேசம்மாள்தான் விடவில்லை. "வெள்ளிக்கிழமை பூங்காவுல ஹெலிகாப்டர் திறப்பு. அத ஒரு குறையும் இல்லாம முடிச்சுத் தாங்க. ஒடனே ரிலீவ் பண்ணுகேன்" என்று சொல்லியிருந்தார்.

படையில் ஓய்வு கொடுத்த பழைய சேத்தக் ஹெலிகாப்டர் ஒன்றை, முன்னாள் படைவீரர் சங்கம் மனு மேல் மனு போட்டு பூங்காவுக்கு வாங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ரோட்டு முக்கில் நின்று லாரியைக் கைகாட்டி நிறுத்தியது ஜாஸ்பர்தான். டிரைவர் இந்தியில் ஏதோ நீளமாகச் சொன்னான். ஜாஸ்பருக்கு இந்தி தெரியாது. ஆனால் லாரியின் மேல் ஹெலிகாப்டர் இருந்தது. அந்த ரோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஹெலிகாப்டர் வரும்? கிரேன் வரத் தாமதமானதால், ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த எட்டுப் பேரே தூக்கி இறக்கினார்கள். ஜாஸ்பர் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் டிரைவர் சமாதானமாகிப் போய்விட்டான்.

"எட்டுப் பேரு தூக்குக கனந்தானா?" என்று அன்றைக்கு ஷாஜன் கேட்டான்.

"இஞ்சினக் கழத்திட்டுத்தான் தருவான்" என்றார் ராஜையன். விமானப்படை ஸ்டோரில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர் சொன்னால் யார் மறுப்பது?

இன்றைக்கு வியாழக்கிழமை. அவர்தான் இப்போது போர்டை அழிக்கச் சொல்கிறார்.

"பாரு தம்பி. சேத்தக்குன்னா கீழ மூணு சக்கரம் உண்டு. இதுக்குச் சக்கரமே இல்ல, சறுக்குக் கம்பியாக்கும். சறுக்குக் கம்பி சீட்டா மாடலுக்குத்தான்."

"அப்ப சீட்டான்னே எழுதிருவோம், அண்ணாச்சி" என்றார் ஜாஸ்பர்.

ஜாஸ்பரின் போன் அடித்தது. தெரியாத நம்பர். இரண்டு நாளாக இதே நம்பர்தான். மனை விற்கிறவர்களாக இருக்கும் என்று கட் செய்தார்.

ஷாஜன் எழுதியது காயுமுன் கோட்டாற்றுச் சுலைமான் வந்தார். அவர் கப்பல்படையில் சமையல்காரர். ஹெலிகாப்டர் இறங்குகிற கப்பலில் பதினைந்து வருடம் சோறு வடித்ததால் அவருக்கும் அபிப்பிராயம் இருந்தது.

"சீட்டாவா? எவன்வே சொன்னது? சீட்டாவுக்கு வாலு வெறும் கம்பிக்கூடாக்கும். இது மூடிக் கெடக்கு. இது சேத்தக் வாலு."

"அப்ப காலு?" என்றார் ராஜையன்.

"காலு சீட்டா காலு. நேவி மாடல் அப்பிடித்தான்."

"நேவிக்கு எதுக்குவே சறுக்குக் கம்பி? வழுக்கிக் கடல்ல விழுகதுக்கா?"

ஷாஜன் அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தான். "மேல றெக்க நாலு இருக்கே, அண்ணாச்சி. அது எந்த மாடல்?"

இரண்டு பேரும் அண்ணாந்தார்கள். சேத்தக்குக்கும் மூன்று, சீட்டாவுக்கும் மூன்று என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

"ஒண்ணு ஸ்பேரா இருக்கும்" என்றார் ராஜையன்.

சண்டை தீரட்டும் என்று ஜாஸ்பர் பொதுவாக ஒரு வாசகம் எழுதச் சொன்னார். 'பிரான்ஸ் நாட்டு வடிவமைப்பு. லைசென்ஸ் பெற்றுப் பெங்களூரில் தயாரிக்கப்பட்டது.' இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சாயங்காலம் நேசம்மாள் பார்வையிட வந்தார்.

"லைசென்ஸ்னு போட்டிருக்கே. அதோட நகல் ஃபைல்ல உண்டா?"

"மேடம், அது பிரான்சுக்காரன் பெங்களூர் கம்பெனிக்குக் குடுத்தது."

"ஆடிட்ல கேட்டா, தக்கலையில இருந்து வந்து நீங்க பதில் சொல்லுவியளா?"

அந்த வரியும் அழிந்தது. அந்த ஆத்திரத்தில் சுலைமானும் ராஜையனும் நிறத்துக்குத் தாவினார்கள். சாம்பல் நிறமே வேண்டும் என்றார் ஒருவர், பச்சைதான் என்றார் மற்றவர். ஜாஸ்பர் இந்தப் பக்கம் சாம்பலும் அந்தப் பக்கம் பச்சையும் அடிக்கச் சொன்னார். தின்னர் பட்ட இடத்தில் வால் குழைந்து, ஷாஜனின் விரல் உள்ளே போய்விட்டது.

"பிரெஞ்சுத் தகடுல்லா" என்றார் ராஜையன். "லேசாத்தான் இருக்கும்."

ஷாஜன் ஓட்டையில் பட்டி வைத்து அடைத்தான். ஜாஸ்பருக்கு அழுகை வந்தது. கடைசி பஸ்சும் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, திறப்புக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, அவர் இருவர் கையையும் பிடித்துக் கெஞ்சினார்.

"அண்ணாச்சி, சுலைமான் காக்கா, எனக்கு எம் பிள்ளையப் பாக்கணும். நீங்க ரெண்டு பேரும் சேந்து என்ன சொல்லுகியளோ அத எழுதுகேன்."

அது இருவர் மனத்தையும் தொட்டுவிட்டது. பத்து நிமிடம் தனியாகப் போய்ப் பேசிவிட்டு, சங்கத்தின் லெட்டர்பேடில் சான்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். 'நேரில் ஆய்வு செய்ததில், இது சேத்தக்கும் சீட்டாவும் சேர்ந்த, உலகில் ஒன்றே ஒன்றான அபூர்வ வகை என உறுதி செய்கிறோம்.' ஷாஜன் அதையே போர்டில் எழுதினான்.

நேசம்மாள் சான்றை இரண்டு தடவை படித்து ஃபைலில் வைத்தார். முகம் மலர்ந்தது. கையோடு கொண்டுவந்திருந்த விடுவிப்பு உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டு நீட்டினார். தாளின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை ஜாஸ்பர் கையிலும் இருந்தபோது போன் அடித்தது. அதே நம்பர்.

"எடுங்க, பரவால்ல" என்றார் நேசம்மாள். "இனி ஒங்களுக்கு என்ன அவசரம்?"

ஜாஸ்பரின் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் சத்தம் கேட்கும். போட்டார்.

"சார், பெங்களூர்லேருந்து ஹெலிகாப்டர் ஏத்திட்டு வந்த லாரி டிரைவர் பேசறேன், மூணு நாளா ஆரல்வாய்மொழியில நிக்கறேன், இத எங்க எறக்கணும்? அப்புறம் சார், இங்க டீக்கடையில சினிமாக்காரங்க நிக்கறாங்க, அவங்க ஃபைபர் ஹெலிகாப்டர உங்க ஊர்ல ஒரு ஆபீசர் சீல் வெச்சுக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாராம், அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"