இடப்பக்கம் நிற்பவர்

பெருமதிப்பிற்குரிய நகர மாதமடலின் ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், போன மாதம் மக்கர் செய்ததாகத் தாங்களே வருத்தம் தெரிவித்திருந்த அந்த அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நான் நலமில்லை என்று தங்கள் மடலின் ஐந்தாம் பக்கத்தில் படத்தோடு போட்டு, வீடு வீடாகக் கொடுத்தும் முடித்த பிறகு, நான் எழுதி யார் நம்பப்போகிறார்கள்?

நான் குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் மீட்டர் அளவு எழுதி ஓய்வு பெற்றவன். இந்த நகரத்தில் நான் ஏறாத மாடிப்படி இல்லை. கதவைத் தட்டாமலே, மீட்டரைப் பார்த்து, உள்ளே எத்தனை பேர், குழந்தை பிறந்திருக்கிறதா, வந்த விருந்தாளி இன்னும் கிளம்பவில்லையா என்றெல்லாம் சொல்லிவிடுவேன். மனிதர்கள் ஆயிரம் சொல்வார்கள், தண்ணீர் பொய் சொல்லாது. தங்கள் மடலையும் முதல் இதழிலிருந்து ஒரு வரி விடாமல் படிக்கிறேன். நூலகம் மூடும் நாள், நாய்களுக்கு ஊசி போடும் முகாம், குப்பை வண்டியின் புது நேரம் எல்லாவற்றையும் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். தெருவிளக்குப் பிரிவு என்று தாங்கள் போட்டிருந்த எண்ணில் ஒரு பல் டாக்டர் எடுக்கிறார் என்று எழுதித் திருத்த வைத்ததும் நான்தான். ஆகவே இதைப் பொழுதுபோகாதவன் புகார் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

புகார் இதுதான். 'தனிமையிலிருந்து மீண்டார்' என்ற தலைப்பில் நானும் எங்கள் தெருத் தையற்காரரும் நிற்கும் படத்தைப் போட்டு, அதன் அடியில் 'இடப்பக்கம் நிற்பவர் உதவி பெறும் முதியவர், வலப்பக்கம் நிற்பவர் தன்னார்வலர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இடப்பக்கம் நிற்பது நான். உதவி செய்யப் போனவனும் நான். இதை மாற்றி, வரும் இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நியாயத்தைத் தாங்களே பாருங்கள்.

ஆறு மாதம் முன்பு தங்கள் மடலின் நான்காம் பக்கத்தில், நீச்சல் குளம் கழுவுவதற்காக மூடப்படும் என்ற செய்திக்குக் கீழே, 'துணைக்கு ஒருவர்' என்ற திட்டத்தைப் பற்றிப் போட்டிருந்தீர்கள். தனியாக வசிக்கும் முதியவர்களை வாரம் இரண்டு மணி நேரம் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வர, மனமுள்ளவர்கள் சமூகக் கூடத்தில் பெயர் கொடுக்கலாம் என்று இருந்தது. பாவம், எத்தனை பேர் ஒற்றையாகக் கிடக்கிறார்களோ, நமக்குக் காலும் நன்றாக இருக்கிறது, மாடிப்படியும் புதிதில்லை என்று நினைத்து அன்றைக்கே போனேன். கூடத்தின் கவுன்ட்டரில் இருக்கும் பெண் ஒரு படிவம் கொடுத்தாள். முன்பக்கம் தன்னார்வலருக்கு. திருப்பினால் பின்பக்கம், உதவி தேவைப்படுபவருக்கு. யாருடன் வசிக்கிறீர்கள், கடைசியாக வீட்டுக்கு யார் வந்தார்கள், ஒரு நாளில் எத்தனை பேரிடம் பேசுகிறீர்கள் என்றெல்லாம் கேள்விகள். நான் இரண்டு பக்கத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். காரணம் இருக்கிறது. எங்கள் வாரியத்தில் ஒரு கட்டத்தை வெறுமனே விட்டால் படிவம் அப்படியே திரும்பி வரும். முப்பத்தொரு வருடத்தில் என் படிவம் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. கேட்டதற்குப் பதில் எழுதினேனே தவிர, எனக்கு உதவி வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். "சார், உங்களுக்கு ஜோடி கிடைச்சாச்சு. உங்க தெருதான், பதினேழாம் நம்பர், ரெண்டாவது மாடி. டெய்லர் ஒருத்தர். செவ்வாய், வியாழன், நாலு மணி" என்று சொல்லி வைத்துவிட்டாள். யார் யாரைப் பார்க்கப் போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். மாடிப்படி அடியில் பதினேழாம் எண் வீட்டின் மீட்டர்கள் வரிசையாக இருந்தன. பழக்க தோஷம், இரண்டாவது மாடிக்காரருடைய மீட்டர் கணக்கு அட்டையைப் பார்த்தேன். மாதம் இரண்டாயிரத்து முந்நூறு லிட்டர். ஒண்டிக்கட்டைதான், சந்தேகமே இல்லை என்று தீர்மானித்துக்கொண்டு மேலே ஏறினேன். தையற்காரர் கண்பார்வை மங்கியதால் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஐயோ பாவம், மனித முகம் பார்த்து எத்தனை நாளாயிற்றோ என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. அவர்தான் நின்றார். இரண்டு நாள்கூடப் பொறுக்க முடியாமல் தேடிக்கொண்டு வந்துவிட்டாரே என்று உள்ளே அழைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். இப்படியே செவ்வாய் நான் அங்கே, வியாழன் அவர் இங்கே என்று ஐந்து மாதம் ஓடியது.

சும்மா பேசிவிட்டு வந்தேன் என்று நினைக்க வேண்டாம். தங்கள் மடலில் போட்ட அத்தனை நிகழ்ச்சிகளுக்கும் அவரை அழைத்துப் போனேன். நூலகத்தில் முதியோருக்குச் செல்போன் வகுப்பு நடந்தது. துணைக்கு வருகிறவர்கள் பின்வரிசையில் உட்காரவும் என்று பலகை வைத்திருந்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க முன்னாடி போங்க" என்றேன். "பரவாயில்ல, நீங்க போங்க" என்றார். கூச்சப்படுகிறார் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. வகுப்பு எடுத்த பெண் ஒரு மணி நேரம் காலி நாற்காலிகளுக்குச் செல்போன் கற்றுக்கொடுத்தாள். மூட்டுவலிக்குத் தண்ணீர்ப் பயிற்சி என்று நீச்சல் குளத்தில் நடத்தினார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. வாழ்நாளெல்லாம் தண்ணீரை மீட்டர்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். ஆனாலும் அவர் பயப்படக் கூடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றேன். அதே நேரத்தில் அவரும் அதையே சொன்னார். குளத்துக் காவலாளி எங்கள் இருவரையும் கொக்கிக் கம்பு போட்டுக் கரைக்கு இழுத்தார். பூங்காவில் காலை ஆறு மணிக்குக் கூட்டமாகச் சிரிக்கும் பயிற்சிக்கும் எட்டு வாரம் போனோம். காரணமில்லாமல் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. அவருக்கு நல்லதாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அவருக்கும் அது அறவே பிடிக்காது என்பது இப்போதுதான் தெரிகிறது.

அந்தச் சிரிப்புப் பயிற்சியில்தான் தங்கள் படக்காரர் வந்து எங்களைப் பிடித்தார். மடல் வந்ததும் என் மானம் கப்பலேறியது. காய்கறிக் கடைக்காரர் எடை போட்ட பிறகு ஒரு கை அள்ளிப் போட்டு, "எதுன்னாலும் ஒரு குரல் குடுங்க பெரியவரே" என்றார். ஆறு வருடமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத மேல்மாடி அம்மா சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார். வாரியத்துப் பழைய நண்பர்கள் நாலு பேர் பழத்தோடு வந்து, ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல் மெல்லப் பேசினார்கள். வெளியூரில் இருக்கும் என் மகள் இதை எப்படியோ பார்த்துவிட்டு, "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல? ஞாயித்துக்கிழமை போன் பண்றப்பல்லாம் நல்லாத்தானே இருக்கேன்னு சொன்னீங்க" என்று அழுதாள். நல்லாத்தானேம்மா இருக்கேன் என்றேன். அதற்கும் அழுதாள்.

மடலைத் தூக்கிக்கொண்டு தையற்காரர் வீட்டுக்கு ஓடினேன். "பாருங்க, நம்ம ரெண்டு பேரையும் மாத்திப் போட்டுட்டாங்க" என்றேன். அவர் கண்ணுக்கருகில் வைத்துப் படித்துவிட்டு, "சரியாத்தானே போட்டிருக்காங்க?" என்றார். அப்போதுதான் குட்டு உடைந்தது. அவரும் முன்பக்கம் தன்னார்வலராகப் பெயர் கொடுத்துவிட்டு, பின்பக்கத்தையும் நிரப்பியிருக்கிறார். "துணியோ காகிதமோ, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காம எப்படிங்க விடறது?" என்று என்னையே கேட்டார். வியாழக்கிழமை வந்தது பணிக்காக. செவ்வாய்க்கிழமை நான் போனதை, ஆற்றாமையால் தேடிக்கொண்டு வருகிறேன் என்று நினைத்திருக்கிறார். தன்னார்வலர் எழுத வேண்டிய குறிப்பு நோட்டும் வைத்திருக்கிறார். 'சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. ஐந்து மாதமாக இல்லை. எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை' என்று என்னைப் பற்றி எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் நோட்டை எடுத்துக் காட்டினேன். 'இரண்டாயிரத்து முந்நூறு லிட்டர். ஒண்டிக்கட்டை' என்று அதில் இருந்தது. "என் வீட்டுத் தண்ணியை எண்ண உங்களை யார் கூப்பிட்டது?" என்று அவர் கத்தினார். "என் பொத்தானை எண்ண உங்களை யார் கூப்பிட்டது?" என்று நானும் கத்தினேன்.

கத்திக்கொண்டே இருவரும் கூடத்துக்குப் போனோம். அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "ஒரு ஜோடின்னா ஒருத்தர் தன்னார்வலர், ஒருத்தர் உதவி வேணுங்கறவர் சார். ரெண்டு பேருமே தன்னார்வலர்னா பிரிச்சு வேற வேற வட்டாரத்துக்குப் போட்டுடுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள யாராவது ஒருத்தர் பின்பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று இருவரிடமும் ஆளுக்கொரு புதுப் படிவம் கொடுத்தாள். அவர் போடட்டும் என்றேன். இவர் போடட்டும் என்றார். "வியாழக்கிழமை நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். நல்லதாகப் போயிற்று.

இன்று வியாழக்கிழமை. மணி நாலு. யாரும் வரப்போவதில்லை என்பதால் இந்தக் கடிதத்தை நிதானமாக எழுத முடிகிறது. பிரித்து வேறு வட்டாரத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கு வேண்டியது திருத்தம் ஒன்றுதான்.

தெருவிளக்குகள் தவறாமல் எரிந்து, குழாய்களில் கசிவில்லாமல் நீர் ஓடி, தங்கள் மடல் பிழையின்றி நீடூழி வெளிவர வாழ்த்தும்,

மீட்டர்காரர்
(வலப்பக்கம் நிற்க வேண்டியவர்)

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. மணி நாலே முக்கால். தையற்காரர் ஒரு தகர டப்பாவோடு நின்றார். "நான் தன்னார்வலனா வரல. அந்தப் பொத்தான் கண்ணை உறுத்துது, சட்டையைக் கழட்டுங்க" என்றார். அவருக்கு ஊசிக்காது தெரியவில்லை. நான் நூல் கோத்துக் கொடுத்தேன். அவர் தைத்தார். தேநீர் குடித்தோம். அவரை வழியனுப்பக் கீழே இறங்கினேன். திரும்பும்போது மாடிப்படி அடியில் என் வீட்டு மீட்டர் கண்ணில் பட்டது. ஊரார் மீட்டரையெல்லாம் பார்த்த எனக்கு என் மீட்டரை நின்று பார்க்க இதுவரை தோன்றியதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். எனக்குப் பின் வேலைக்கு வந்தவர் அட்டையில் மாதாமாதம் ஒழுங்காகக் குறித்திருக்கிறார். போன மாதம் ஆயிரத்து எண்ணூறு லிட்டர். தையற்காரரைவிட ஐந்நூறு குறைவு. விரலை வைத்து மேலே மேலே போனேன். ஓர் இடத்தில் ஐந்தாயிரத்துச் சொச்சம் என்று இருந்தது சட்டென்று இரண்டாயிரத்துக்கு இறங்கியிருக்கிறது. என் மனைவி காலமான மாதம் அது. தேதியைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டேன். அட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே திருத்தம் எதுவும் போட வேண்டாம். தாங்கள் அச்சிட்டது சரி. படிவத்தின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நாளைக் காலை கூடம் திறந்ததும் கொடுத்துவிடுவேன். ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தப் படத்தில் எனக்கு இரண்டாவது பொத்தான் இல்லை. முடிந்தால் படக்காரரை ஒரு செவ்வாயோ வியாழனோ நாலு மணிக்கு அனுப்பிப் புதிதாக ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இடப்பக்கமே நிற்கிறேன்.