துருப்பிடித்த காது

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்கா புருஷன் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையற்காரர் எழுதுவது. இங்கே என் காதைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீயும் உன் மூக்கும் நலமா? என் கல்யாணத்தன்று மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டு நீ அழுததை நான் மறக்கவில்லை. ஆகையால் இனி வருவதைப் படித்துச் சிரிக்கும் யோக்கியதை உனக்குக் கிடையாது.

இரண்டு மாதமாகக் காது இரண்டும் அடைத்துக் கிடந்தன. என் பூட்டு ரிப்பேர்க் கடைக்கு வருகிறவர்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. உன் மருமகன், அதான் என் மகன், காதருகே வந்து, "அப்பா, நீங்க வீட்டுலயே இருங்க. உங்க ஸ்டூலுக்கு வேற ஆள் பாக்கறேன்" என்று கத்தினான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் திறக்காத பூட்டா? ரோஷம் வந்துவிட்டது. பூட்டு நெம்பும் கம்பியில் பஞ்சைச் சுற்றி, வலது காதில் விட்டு ஒரு திருகு திருகினேன். வலியில் உயிர் போய்த் திரும்பி வந்தது. காதுக் குரும்பி இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "துருப்பிடிச்ச பூட்டு வந்தா என்னய்யா செய்வீங்க?" என்றாள்.

"எண்ணெய் விட்டு ஊறப்போடுவேன்."

"கம்பிய விட்டுக் குடைவீங்களா?"

"குடைஞ்சா பூட்டு கெட்டுடும்மா."

"பூட்டுக்கு இருக்கிற மரியாதை காதுக்குக் கிடையாதா?"

நல்லவேளை, செவிப்பறை கிழியவில்லையாம். கம்பி, குச்சி, ஊக்கு, பஞ்சுக்குச்சி எதுவும் கூடாது, ஒருக்களித்துப் படுத்து, சுட வைக்காத எண்ணெயைச் சில சொட்டு விட்டுப் பொறுத்திரு, ஊறித் தானாக வெளியே வருவதைத் துணியால் துடை, வலியோ சீழோ தலைசுற்றலோ வந்தால் எண்ணெயை நிறுத்திவிட்டு ஓடி வா என்றாள். அப்படியே செய்தேன். போன வாரம் ஒரு காலையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து எல்லாரிடமும் சொல்லப் போனேன். அப்போது அடுப்படியில் உன் அக்கா மருமகளிடம் சொல்கிறாள்: "அந்தக் காலத்துல உன் மாமனாரு அழகாத்தாண்டி இருந்தாரு. காதுல விழுந்தா தலைகால் புரியாது. கேக்காதுங்கிற தைரியத்துல சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் என் முகத்துக்கு நேரே ஒரு நாள் சொன்னவளா அவள்? அப்படியே திரும்பி வந்து செவிடனாக உட்கார்ந்துவிட்டேன். தினமும் அடுப்படியில் என்னைப் புகழ்ந்து ஒரு கதை ஓடுகிறது. இவ்வளவு நல்லவனோடு நானே இதுவரை பழகியதில்லை. புது ஆள் திங்கட்கிழமை கடைக்கு வருகிறானாம். ஸ்டூல் போனாலும் போகட்டும், இன்னும் கொஞ்ச நாள் நான் செவிடன்தான். உன் அக்காவிடம் மூச்சு விடாதே.

வீட்டில் சிறுசு பெருசு எல்லாருக்கும் என் ஆசிகள். காதில் எதையும் விடாமல் சௌக்கியமாக இருங்கள்.

பின்குறிப்பு: இந்தத் தையற்காரருக்கும் காது மந்தம் என்பதை யோசிக்காமல் போனேன். ஒவ்வொரு வரியையும் கத்தித்தான் சொன்னேன். நிமிர்ந்தால் மேல் ஜன்னலில் மருமகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். மகன் இறங்கி வந்து, "புது ஆள வேண்டாம்னுட்டேன். நாளைக்குக் கடைக்கு வந்துடுங்கப்பா" என்றான். உன் அக்கா ஜன்னலைச் சாத்தியவள்தான், அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது மச்சான், கேட்கத்தான் ஒன்றும் இல்லை.