அசையும் பொருள்

கழுதை அசைய மறுத்தது.

நுஸ்கி சேர் கயிற்றை இழுத்துக் களைத்துப்போனார். ஆய்வுகூடத் தள்ளுவண்டியின் சில்லு நேற்றுக் கழன்றுவிட்டது. இன்று அவருடைய இயக்க வரைபுப் பாடத்தைப் பார்க்க ஆசிரிய ஆலோசகர் யோகராசா வருகிறார். அவர் திருப்திப்பட்டால்தான் நியமனம் நிரந்தரமாகும். கற்பிட்டித் தெருக்களில் தள்ளுவண்டி கிடைக்காது. கழுதை தாராளமாகக் கிடைக்கும்.

கழுதை நின்ற வேப்பமரத்திலிருந்து பள்ளிக்கூடக் கேற் வரை நேராகச் சுண்ணாம்பு அடையாளங்கள் இருந்தன. நடுவில் கன்டீன்.

"பிள்ளைகள், மரத்தில இருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம். எது அசையுதோ அதக் குறிங்க. சும்மா நிக்கிறதப் பார்த்துக்கொண்டு இருக்க வேணாம்."

"ஓம் சேர்" என்று மர்ளியா பென்சிலைத் தீட்டினாள்.

சேர் கன்டீனுக்கு நடந்தார்.

"அஸ்ரியா ராத்தா, ஒரு பாண்."

"இன்னும் சாப்பிடல்லியா சேர்?"

"எனக்கில்ல, கழுதைக்கு."

"அப்ப சம்பல் வேணாமா?"

அவள் சிரித்து முடித்துப் பாணைத் தரும்வரை சேர் நின்றார். பிறகு அதை மார்போடு மறைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தார்.

கழுதை நின்ற இடத்திலேயே பாணைத் தின்றது. இனி எங்காவது போவதற்கு அதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

சேர் பின்னால் போய்த் தள்ளினார். கழுதை பின்னங்காலைத் தூக்கியது. அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு பாதி வழியிலேயே தங்கிவிட்டது. கேற்றில் யோகராசா நின்றார்.

"என்ன தம்பி, என்னைக் கூட்டிக்கொண்டு போக ஓடி வாறியளோ?"

"ஓம் சேர்."

"பாடம் தொடங்கீற்றுதோ?"

"இப்பதான் முடிஞ்சது."

தாள் வெறுமையாக இருக்கும் என்று நினைத்தபடி, ஒற்றைச் செருப்போடு அவரை மரத்தடிக்கு அழைத்து வந்தார். மர்ளியா வரைபை நீட்டினாள். தாள் வெறுமையாக இல்லை. யோகராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அருமை! இதில கோடு சரிவா ஏறுது, சீரான வேகம். இதில கிடையாக் கிடக்கு, அப்ப நிண்டிருக்கு. பிறகு மெதுவா இறங்குது, திரும்பி வந்திருக்கு. கடைசியில பாருங்கோ, கோட்டின்ர சரிவு, அதான் படித்திறன், செங்குத்துக்குக் கிட்ட! என்ன வேகம்! இந்த இடத்தில என்ன நடந்தது?"

நுஸ்கி சேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பயந்திட்டுது சேர்" என்றார்.

"பயத்தையும் படித்திறனில காட்டிப் படிப்பிச்சிருக்கிறியள். உங்கட நியமனத்துக்கு இண்டைக்கே எழுதுறன். ஆனா இப்பிடியொரு கழுதையை நான் கண்டதில்லை. ஒருக்கா என்ர கண்ணுக்கு முன்னால ஓட விடுங்கோ பாப்பம்."

கழுதை கண்ணை மூடிக்கொண்டு மென்றது. நுஸ்கி சேர் கயிற்றைப் பார்த்தார்.

மர்ளியா கையை உயர்த்தினாள்.

"கழுதை அசையவே இல்லையே சேர். எது அசையுதோ அதக் குறிக்கச் சொன்னாங்க, நாங்க நுஸ்கி சேரைத்தான் குறிச்சோம்."