ஐந்து நாற்பது வண்டிக்கு ஒத்திகை

"பதினாலு நிமிஷம்!" குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று வரைவாளர் கத்தினார். "அத்தை, உங்களுக்கு ஒதுக்கினது ஆறு!"

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவசரமே இல்லாத தண்ணீர்.

வியாழக்கிழமை விடியற்காலை. ஞாயிற்றுக்கிழமைக்கான முதல் ஒத்திகை.

வருடத்துக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழத்தோட்டங்கள் பூக்கும் சமயத்தில், நாட்டுப்புறத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்றின் வாசலிலிருந்து சுற்றுலா பஸ் கிளம்பும். ஏழரைக்குக் கிளம்பும். யாருக்காகவும் நிற்காது. அதில் ஏற வேண்டுமென்றால் இங்கே ஐந்து நாற்பது வண்டியைப் பிடித்தாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்பது நிமிஷத் தாமதத்தில் அதை விட்டார்கள். போன வருடம் ஒரு நிமிஷத்தில். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். அன்று மனைவி அழவில்லை, திட்டவும் இல்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"அடுத்த தடவையும் விட்டீங்கன்னா, அதுக்கப்புறம் நான் ஆபீஸ் சிநேகிதிங்களோட போய்க்கிறேன். நீங்க வீட்டைப் பாத்துக்குங்க."

திட்டியிருந்தால் மறந்திருப்பார்.

வரைவாளருக்குக் கட்டட அலுவலகத்தில் பதினோரு வருடமாக வரைபடம் போடும் வேலை. எந்தச் சிக்கலையும் அளவு பிசகாமல் வரைந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். ஒரு குளியலறை, நாலு பேர், எழுபது நிமிஷம். வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டினார். மனைவிக்குப் பச்சைக் கோடு, மகளுக்கு மஞ்சள், தனக்கு நீலம், மாமியாருக்குச் சிவப்பு.

"எனக்கு மட்டும் ஏன் சிவப்பு?" என்று மாமியார் கேட்டார்.

"அபாயம்னு அர்த்தம் பாட்டி" என்றாள் பத்து வயது மகள்.

வியாழக்கிழமை ஒத்திகையில் அவர்கள் வாசலைத் தாண்டும்போது மணி ஐந்து ஐம்பத்தொன்று. குற்றம் குளியலறையுடையது என்று வரைவாளர் தீர்மானித்தார்.

"இனிமே எல்லாரும் முந்தின நாள் சாயங்காலமே குளிச்சிடணும்."

அன்று சாயங்காலம் நாலு பேரும் குளித்தார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாததால் நன்றாகவே குளித்தார்கள். மேல் தொட்டி காலியானது. அதில் தண்ணீர் ஏறுவது காலை ஆறு மணிக்கு. வெள்ளிக்கிழமை பல் விளக்க ஒரு சொட்டு இல்லை.

"குடிக்கிற தண்ணி ஒரு சொம்பு இருக்கு" என்றாள் மனைவி. "நாலு பேர். நீங்களே வரைஞ்சு பிரிச்சுக் குடுங்க."

சொம்பைப் பிரித்து முடிக்க ஐந்தே முக்கால் ஆகிவிட்டது.

வரைவாளர் அசரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டு வாளியில் தண்ணீர் பிடித்து நடையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. சுவரில் புதுத் தாள். மாமியாருக்கு இப்போது நாலு நிமிஷம்.

"நாலு நிமிஷத்துல எனக்கு முழங்காலே மடங்காது மாப்பிள்ளை."

"முயற்சி பண்ணுங்க அத்தை. நாளைக்குத்தான் கடைசி ஒத்திகை. பெட்டி படுக்கையோட. ஸ்டேஷன் வரைக்கும்."

சனிக்கிழமை, அடுத்தவர் தூக்கம் கெட வேண்டாமென்று விளக்கைப் போடாமல் எழுந்த வரைவாளர் முதல் வாளியில் கால் வைத்தார். மற்ற ஏழும் அவர் கையால், காலால், ஒரு தடவை தலையாலும் கவிழ்ந்தன. நடையில் பைகள் மிதக்க ஆரம்பித்தன.

"என்னங்க, என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல! யாரும் நிக்காதீங்க! நீந்தியாவது வெளிய வாங்க!"

துடைத்ததில் மாமியாரின் நாலு நிமிஷமும் போயிற்று.

"மாப்பிள்ளை, எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் வேணுமே…"

"ஸ்டேஷன்ல பாத்துக்கலாம் அத்தை. நடங்க."

நடந்தார்கள். பிளாட்பார டிக்கெட் வாங்கினார்கள். படியேறி இறங்கி மூன்றாவது பிளாட்பாரத்தில் நின்றபோது மணி ஐந்து இருபத்தொன்று. வரைவாளர் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"பத்தொம்பது நிமிஷம் முன்னாடி!"

மனைவி சிரித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஸ்டேஷனில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "பரவாயில்லையே" என்றாள்.

அந்த ஒரு சொல்லோடு அவர் வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கேயே நின்றார்; ஐந்து முப்பத்தெட்டுக்கு வண்டி வந்துவிட்டது.

"ஏறணும்" என்றார் வரைவாளர். "ரெண்டு நிமிஷம் நிக்கும். ஏறி, உக்காந்து, தலையை எண்ணி, இறங்கணும். பாதி ஒத்திகை ஒத்திகையே இல்ல."

ஏறினார்கள். உட்கார்ந்தார்கள். எண்ணினார். மூன்று.

"அத்தை எங்க?"

"பாட்டி அந்தக் கதவுக்குள்ள போனாங்க" என்று மகள் பெட்டியின் கோடியைக் காட்டினாள். "ஸ்டேஷன்ல பாத்துக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

வரைவாளர் ஓடிப்போய்க் கழிப்பறைக் கதவைத் தட்டினார். "அத்தை! நேரம் முடிஞ்சிருச்சு!"

"ஆள் இருக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வண்டி அசைந்தது. மனைவி மகளை இழுத்துக்கொண்டு இறங்கினாள். வரைவாளர் கடைசி நொடியில் குதித்தார். மாமியார் நகர்ந்து போனார். அவருடைய பையும் போயிற்று.

"வண்டியை விட்டீங்க, சரி" என்றாள் மனைவி மெதுவாக. "இப்போ எங்கம்மாவையும் விட்டுட்டீங்க."

மாமியாரிடம் கைபேசி கிடையாது. அந்தப் பக்கத்தில் வரைவாளருக்குத் தெரிந்த ஒரே எண் சுற்றுலா நடத்தும் பெண்ணுடையது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"மேடம், எங்க மாமியார் தனியா அஞ்சு நாப்பது வண்டியில வர்றாங்க. பச்சைப் பை. எப்படியாவது இறக்கிப் பத்திரமா வெச்சிருங்க!"

"நான் ஸ்டேஷன்லதான் சார் நிப்பேன், கவலைப்படாதீங்க. ஆனா மத்தவங்க…"

"மத்தவங்க பத்திரமா இருக்கோம் மேடம், ரொம்ப நன்றி!" என்று வைத்துவிட்டார்.

மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து திரும்பும் வண்டி எட்டு பத்துக்கு. வரைவாளர் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஈரத் தாளில் கோடு போட ஆரம்பித்தார்.

"என்ன வரையறீங்க?"

"அத்தை எட்டு பத்து வண்டியில ஏறினா பத்துக்குள்ள இங்க. நாளைக்கு ஒண்ணும் கெட்டுப் போகலை. நாளைக்குக் கட்டாயம் போறோம்."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். ஈரமாயிருந்த அவர் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

ஏழு இருபத்தெட்டுக்குக் கைபேசி அடித்தது. சுற்றுலாப் பெண்தான். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம், பஸ் உறுமும் சத்தம்.

"அம்மா முன் சீட்டுல உக்காந்தாச்சு, பஸ் கிளம்பப் போகுது. இந்த வருஷம் டூர் சனிக்கிழமைன்னு உங்க வீட்டுல அவங்களுக்கு மட்டும்தான் தெரியுமா சார்?"