ஹெர்மோனிகஸின் செல்போன் நம்பர்

"சார், இவரோட செல்போன் நம்பர் என்ன?"

பிரவுசிங் சென்டர் ஷமீரா கேட்டதும் எஸ்ரா திருதிருவென்று விழித்தார். சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பதினோரு வருடமாகப் பண்டைய கிரேக்கத் தத்துவம் நடத்தும் தற்காலிக வாத்தியார் அவர். நிரந்தரப் பேராசிரியர் வேலைக்கு மனுப்போட இன்று ஐந்து மணிவரைதான் கெடு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இதை விட்டால் அவ்வளவுதான்.

"யாரு நம்பரு?"

"நீங்க ஆராய்ச்சி பண்ணுன ஆளு. ஹெர்மோனிகஸ்."

"ஏ அம்மா! அவரு செத்து ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் ஆச்சு!"

"அதெல்லாம் அடுத்த பக்கத்துலதான் சார் கேக்கும். நம்பர ரொப்பாம நகர மாட்டேங்கு."

எஸ்ரா தன் நம்பரையே கொடுத்தார். கொடுத்த மாத்திரத்தில் குறுஞ்செய்தி வந்து விழுந்தது. ‘அன்புள்ள ஹெர்மோனிகஸ், உங்கள் ஆதாரை இணைக்கவும்.’

"அடப்பாவிகளா! இறந்துட்டாருன்னே போடும்மா."

"செத்த தேதி கேக்கு. கி.மு. எடுக்க மாட்டேங்கு சார்."

"எது எடுக்குதோ அதப் போடு!"

"போன மாசம்னு போட்டா எடுக்கு. என்ன வேல பாத்தாரு?"

"வாத்தியார். சாகுற அன்னைக்குக்கூட பாடம் நடத்துனாரு" என்றார் எஸ்ரா, அந்த அவசரத்திலும் பெருமையாக. ஷமீரா அதையும் தட்டினாள்.

"அவர ஆராய்ச்சி பண்ணதுக்கு ஒப்புதல் வேணுமாம். கையெழுத்துப் போட வாரிசு கேக்கு."

மணி நாலு ஐம்பது. எஸ்ராவுக்குச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. "ஏதென்சுல போயா தேட முடியும்? என் பேரப் போடு!"

"என்ன உறவு? மகன், மகள், மனைவி, இந்த மூணுதான் இருக்கு."

"மகன்! மகன்!" என்று கத்தியேவிட்டார்.

ஜெராக்ஸ் எடுக்க நின்ற குருசாமி அண்ணாச்சி பதறிப்போய் எஸ்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லவே இல்லியே தம்பி! அப்பாவுக்கு ரொம்ப நாளா சீக்கோ?"

மனு நாலு ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

பத்தாம் நாள், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஷமீராவின் போன் வந்தது.

"சார், நிரந்தர வேல வந்துட்டு! ஆர்டர் நம்ம சென்டர் மெயில்ல இருக்கு!"

எஸ்ரா வராந்தாவுக்கு ஓடினார். கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடத் தவிப்பு, சும்மாவா? "கர்த்தரே! எந்தக் காலேஜும்மா?"

"காலேஜ் இல்ல சார், குருவிகுளம் பக்கம் பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிற வேல. ஒங்க அப்பா ஹெர்மோனிகஸ் வாத்தியாரு பணியில இருக்கும்போதே தவறிட்டாருல்லா, அதான் கருணை அடிப்படையில குடுத்திருக்காவ!"