ராயக்கோட்டை மலையில் பத்தாயிரம் குதிரைகள்

கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வியாதி இருந்தது. படித்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி சொல்வேன். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்தால் வாடகை நூலகத்துச் சரித்திர நாவல்தான் எனக்குச் சோறு, தூக்கம் எல்லாம். ரோமாபுரி முதல் ராயக்கோட்டை வரை உலக சரித்திரம் முழுக்க அப்படிக் கற்றதுதான். (பள்ளியில் வரலாற்றில் வாங்கிய மார்க்கைக் கேட்காதீர்கள்.) எனக்குத் தெரிந்த போர்களில் யாருக்கும் வயிற்றுப்போக்கு வராது, குதிரை சாணி போடாது, படைத்தலைவன் முந்தின நாள் கட்டாயம் காதலிப்பான்.

முதல் செல்போன் வாங்கிய வருஷம், அந்த வியாதியோடு பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் செல்வி. ராயக்கோட்டையிலிருந்து தினமும் ஓசூருக்கு பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர் வகுப்பு படித்தாள். அப்பா தக்காளி மண்டி வைத்திருந்தார். நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். ஏற்கெனவே மூன்று வீட்டில் என்னைத் தட்டிக்கழித்திருந்தார்கள். "இதுவும் போச்சுன்னா நான் காசிக்குப் போயிருவேன்டா" என்று அம்மா பஸ்ஸிலேயே மிரட்டியிருந்தாள். செல்வி காபித் தட்டோடு வந்து ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கேசரி தின்னும்போது அவள் அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார். "எங்க ஊரு புடிச்சிருக்குதுங்களா தம்பி?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். ஜன்னலில் மலைக்கோட்டை தெரிந்து தொலைத்தது.

"புடிக்காம இருக்குமா? இந்த மலையிலதான நம்ம ராணி பத்தாயிரம் குதிரையச் சொரங்கம் வழியா எறக்கி, எதிரியப் பின்னாடி போயி அடிச்சாங்க! உலகத்துல எந்தப் போர்லயும் இப்படி ஒரு தந்திரம் கெடையாது."

அவர் கேசரியைக் கீழே வைத்தார். "சொரங்கமா? நான் சின்ன வயசுல ஆடு மேச்சதே அந்த மலை மேலதான். பாக்கலையே?"

"தெரியாதவங்க கண்ணுக்குப் படாதுங்க. மேக்குப் பக்கம், ரெட்டைப் பாறைக்கு நடுவுல."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "வாங்க, காட்டுங்க."

பெண் பார்க்க வந்த கூட்டம் உச்சி வெயிலில் பட்டுப்புடவையோடு மலை ஏறியது. செல்வியும் அவள் மாமாவும் பின்னாலேயே வந்தார்கள். அம்மா படிக்குப் படி என்னைத் திட்டினாள்.

மேலே ரெட்டைப் பாறை இருந்தது. நடுவில் ஒரு பொந்தும் இருந்தது! "இதோ!" என்று கத்திக்கொண்டு தலையை நுழைத்தேன், தோளை நுழைத்தேன். இடுப்போடு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. செல்வியின் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். மாப்பிள்ளையின் பின்பக்கத்தை மட்டும் பெண்வீட்டார் பத்து நிமிஷம் பார்த்தது அநேகமாக அன்றுதான்.

வெளியே விழுந்தவனிடம் அவர் கேட்டார். "பத்தாயிரம் குதிரை போன வழியில உங்க ஒரு தொந்தி போகலையே தம்பி. யாரு சொன்னது இத?"

"நாவல்ல படிச்சேனுங்க."

"கதையா?" அவர் முகம் மாறிவிட்டது. "கதைக்கும் நடந்ததுக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாவது வீடும் போனதுகூடப் பரவாயில்லை, செல்வி போய்விட்டாளே!

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "அப்பா, அவரு புளுகல. ரெண்டாம் பாகத்துல அப்படித்தான் வருது. நானும் இதத் தேடி ரெண்டு தடவ இங்க ஏறி வந்திருக்கேன்." பிறகு என்னை முறைத்தாள். "ஓசூரு லைப்ரரியில மூணாம் பாகத்த நாலு மாசமா திருப்பிக் குடுக்காம வெச்சிருக்கறது நீங்கதானா?"

"ஆமாங்க. ராணி கடைசியில..."

"சொல்லாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் முதலில் மாமா சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக அவள் அப்பா. "ரெண்டுக்கும் ஒரே கிறுக்கு. ஒண்ணாவே இருக்கட்டும்" என்றார்.

அந்த ஆவணியில் கல்யாணம். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் மாமனார் ஒரே கேள்விதான் கேட்பார். பதவி உயர்வு வந்தபோதும் கேட்டார், டிவியில் போர்ச் செய்தி பார்த்துச் சொன்னபோதும் கேட்டார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தேன். "பொண்ணு மாமா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கேட்டார்.

"நடந்ததா மாப்ள, ரெண்டாம் பாகமா?"