தெளிவானந்தர் வெளுத்த நீர்

தெளிவானந்தர் என்ற சாமியார் வந்த மூன்றாம் நாளே சாயப்பட்டறையின் வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனைவரை நீண்டது. சும்மா நீளுமா? கழிவுநீர்க் கால்வாயில் ஓடும் நீலநீரைக் கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை மொள்வார். வெள்ளைப் பொடியைக் கொட்டி மூடியை இறுக்குவார். கண்களை மூடி உதடுகளை அசைப்பார். சற்று நேரத்தில் நீலம் மறைந்து நீர் வெளுத்துவிடும். பிளந்த வாய்களுக்குள் ஈ புகுந்தாலும் பக்தி கலையவில்லை. எந்த நோயையும் அந்நீர் தீர்க்குமாம். நிபந்தனை இரண்டுதான்: புட்டியைக் குலுக்கக் கூடாது; திறந்ததும் ஒரே மடக்கில் குடித்துவிட வேண்டும். அருளுக்கு என்ன அவசரமோ!

பட்டறை முதலாளி அவருக்குத் தம் நாற்காலியையே கொடுத்திருந்தார். கால்வாய் முகப்பில் இருந்த ஒளியுணரி, நீரில் சாயம் மிகுந்தால் மதகை அடைத்து வேலையையே நிறுத்திவிடும். சாமியார் இருக்கும்போது அந்தச் சனியன் எதற்கு என்பது முதலாளியின் ஆன்மிகம்.

சாயத்தொட்டி மேஸ்திரியும் ஒரு புட்டி பெற்றார். அவருடைய ஏழு வயது மகளுக்கு இரண்டு மாதமாகக் கைகளில் புண். மருத்துவர் கொடுத்த களிம்பு மெதுவாகவே வேலை செய்தது. தகப்பனுக்குப் பொறுமை போயிற்று. புட்டியை மார்போடு அணைத்தபடி வீட்டுக்குள் நுழைந்தார். கூடத்தில் மனைவியின் தங்கை இருந்தாள். ஒளியுணரியைப் பராமரிப்பவள் அவள்தான்.

“என்ன அத்தான், கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு வர்றீங்க?”

“வாயை அலம்பிட்டுப் பேசு. பாப்பாவுக்கு மருந்து.”

“கால்வாய்த் தண்ணியா மருந்து?”

“நீலம்தான் போயிடுச்சே! கண்ணு தெரியலையா உனக்கு?”

“எனக்குத் தெரியலைன்னா இதுக்குத் தெரியும்.”

பையிலிருந்து சிறு கருவி ஒன்றை எடுத்தாள். ஒருபுறம் விளக்கு, மறுபுறம் ஒளியை அளக்கும் கண். இடையிலுள்ள நீர் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்பதை எண்ணாகக் காட்டும். மனிதக் கண்ணுக்கு எட்டாத ஒளியையும் அது அறியும். புட்டியை வாங்கி இடையில் வைத்து எண்ணைப் படித்தாள்.

“நாம குடிக்கிற தண்ணிக்கு ரெண்டு. உங்க மருந்துக்குத் தொண்ணூறு.”

“மிஷினுக்கு ஏதுடி பக்தி?”

“சரி, உங்க கண்ணே பாக்கட்டும். பாதியைக் கொட்டி, காத்து புகவிட்டுக் குலுக்குங்க.”

“ஐயையோ, குலுக்கக் கூடாதுன்னாரு!”

“ஏன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. கேட்டால் அவர் எப்படிப் பக்தர் ஆவார்?

மகள் தம்ளரோடு வந்து நின்றாள். “அப்பா, குடிக்கட்டுமா?”

புண்பட்ட அந்தப் பிஞ்சு விரல்களைக் கண்டதும் மேஸ்திரி “இரு” என்று அவளை நிறுத்தினார். மூடியைத் திருகினார். தீக்குச்சி கருகிய நெடி மூக்கில் ஏறியது. பாதி நீரைக் கொட்டினார், மூடிக் குலுக்கினார். மேலிருந்து கீழாக நீலம் இறங்கியது.

மேஸ்திரி புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தொட்டியிலிருந்து மஞ்சளாக வரும் துணி காற்றுப்பட்டு நீலமாவதை அன்றாடம் பார்ப்பவர் அவர். தொட்டியின் நீலத்தை மறைக்கும் பொடியைக் கொட்டுபவரும் அவரே.

“இது... நம்ம தொட்டியில போடுற ஹைட்ரோஸ் பொடி!”

“நீங்க போட்டா பொடி, அவரு போட்டா அருளா அத்தான்?”

மேஸ்திரி மகளின் தம்ளரைப் பிடுங்கி மேலே வைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினார். வரிசையின் நடுவில் நின்று, நீலமேறிய புட்டியை உயர்த்திக் காட்டினார்.

“நம்பிக்கை இல்லாத கை பட்டால் நீலம் திரும்பும்!” என்று முழங்கினார் தெளிவானந்தர்.

“அப்ப உங்க புண்ணியக் கையாலேயே குலுக்குங்க சாமி. இல்லேன்னா ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுங்க.”

சாமியாருக்கு அந்த நொடியில் விரதம் தொடங்கியது. ஒரு கிழவர் தம் புட்டியைத் திறந்து பாதியைக் கொட்டிக் குலுக்கினார், அடுத்தவர் குலுக்கினார். வரிசை முழுவதும் நீலம் பூத்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

“போனா போகட்டும். அடுத்து எந்தச் சாமி வருதாம்?” என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரலுக்குரியவர் கையிலும் ஒரு புட்டி இருந்தது, இன்னும் குலுக்கப்படாமலே. ஐயா, அதை விடுங்கள். உங்கள் தலையை ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதேனும் அசைந்தால், அதுதான் மூளை; தலை தொப்பி வைப்பதற்காக மட்டும் தரப்பட்டதன்று.